அடிக்கு எவ்வளவுங்க?

காங்கயத்துக்குப் பக்கத்தில் எங்கள் மனைக்கு வேலி போட்டதிலிருந்து என்னைப் பார்க்கிற எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "வேலி ஜம்முனு இருக்குதுங்க, அடிக்கு எவ்வளவு ஆச்சு?" சித்தப்பா கேட்டார், ஆபீஸ் நண்பர் கேட்டார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கூடக் கேட்டார். பதிலுக்கு நான், "எத்தனை கேஜ் கம்பி போடப் போறீங்க? மூலைக்கு எத்தனை முட்டுக்கால்?" என்று ஆரம்பித்தால், "அதெல்லாம் கான்ட்ராக்டர் பாத்துக்குவாருங்க, நீங்க ரேட்டைச் சொல்லுங்க" என்று முடித்துவிடுகிறார்கள்.

சொல்லலாம்தான். ஆனால் இரும்பு விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அதைவிட முக்கியம், ரன்னிங் அடிக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணாகச் சொல்லும்போது அதற்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். எங்கள் மனைக்கே வாங்கிய கொட்டேஷன்களில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒன்றரை மடங்கு வித்தியாசம். இரண்டிலும் எழுதியிருந்தது ஒரே வரி: "செயின்லிங்க் வேலி, 5 அடி உயரம், கல்லுக்காலுடன்." மலிவானவர் ஏமாற்றுக்காரர் என்றோ, அதிகம் கேட்டவர் கொள்ளைக்காரர் என்றோ அந்த வரியை வைத்துச் சொல்லவே முடியாது. இரண்டு பேரும் வேறு வேறு வேலிக்கு விலை சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ரேட்டை அப்புறம் பார்ப்போம். முதலில் பத்திரத்தைக் கையில் எடுங்கள்.

எங்கள் மனை கிழமேல் 60 அடி, தென்வடல் 100 அடி. 6000 சதுர அடி, சென்ட் கணக்கில் 13¾ சொச்சம். பத்திரத்தின் செக்குபந்தியில், அதாவது நான்கெல்லை விவரத்தில், "இட்டேரிக்கு வடக்கு" என்று எழுதியிருக்கும். (இட்டேரி என்றால் இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் தடம்.) படித்தவர்களே இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இட்டேரி வடக்கே இருக்கிறது என்று அர்த்தமில்லை. இட்டேரிக்கு வடக்கே நம் நிலம் இருக்கிறது. அதாவது இட்டேரிதான் நமக்குத் தெற்கு எல்லை. நான்கு பக்கத்தையும் இப்படித் திருப்பிப் போட்டுப் படித்துக்கொண்டு, மனையில் போய் நின்று பாருங்கள். எல்லையும் அளவும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் பொதுவாக நீதிமன்றங்கள் எல்லை விவரத்துக்குத்தான் முன்னுரிமை தருகின்றன. "பத்திரத்துல 60 அடி போட்டிருக்கு, டேப்புல 58 தான் வருது, அந்தப் பக்கம் ரெண்டடி தள்ளிப் போட்டுக்கலாம்" என்று எந்தக் கான்ட்ராக்டராவது யோசனை சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். வழக்கு வந்தால் அவர் வரமாட்டார்.

பட்டாவும் புலப்படமும் இப்போது இணையத்திலேயே கிடைக்கின்றன. புலப்படத்தில் அளவு மீட்டரில் இருக்கும், பத்திரத்தில் அடியில் இருக்கும், ரொம்பப் பழைய ஆவணமாக இருந்தால் லிங்க் கணக்கு வரும். ஒரு லிங்க் 7.92 அங்குலம், நூறு லிங்க் சேர்ந்தால் 66 அடிச் சங்கிலி. 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதுதான் ஊரில் எல்லோரும் யூடிஆர் என்று சொல்வது, விழுந்த பிழைகள் இன்னும் பல பட்டாக்களில் அப்படியே இருக்கின்றன. எனவே பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று வேலிக்கு முன்னால் பார்ப்பதுதான் மலிவு. ஒத்துப்போகாவிட்டால் அரசு சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். விண்ணப்பம் கொடுத்தால் பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் நோட்டீஸ் போகும். அது தொந்தரவு என்று சிலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த நோட்டீஸ்தான் இதில் கிடைக்கிற பெரிய லாபம். நான்கு பக்கத்து ஆட்களும் நிற்கும்போது கல்லைக் காட்டிவிட்டால், பிறகு பொழித் தகராறு என்று யாரும் கிளம்ப முடியாது.

எங்கள் வடமேற்கு மூலைக் கல் கிளுவை வேருக்குள் கிடந்தது. சர்வேயர் கைகாட்டிய இடத்தில் மண்வெட்டியால் சுரண்டச் சுரண்ட, முதலில் ஒரு பழைய செருப்பு வந்தது, அப்புறம் உடைந்த பீங்கான், அதற்கும் கீழே கல்லின் தலை. நாலு விரல் அளவு தெரிந்ததும் அதை அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டோம். அன்றைக்கே நான்கு மூலைக்கும் முளையடித்து நூல் கட்டிவிட்டோம். நூல் கட்டுவதைத் தள்ளிப் போடக்கூடாது. சர்வேயர் சுண்ணாம்பில் போட்ட குறி ஒரு மழைக்குத் தாங்காது.

வடக்குப் பக்கத்தில் ஒரு ஆத்தா இருக்கிறார். ஏழெட்டு ஆடு வைத்திருக்கிறார். எங்கள் மனை வழியாகத்தான் இட்டேரிக்கு ஓட்டிப் போவார். நூல் கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

"வேலி போட்டுக்கோ கண்ணு. ஒரு கடவு மட்டும் உட்டுரு, நாஞ் சுத்திக்கிட்டுப் போவ முடியாது."

மனைவி என்னைப் பார்த்தாள். கான்ட்ராக்டர், "இப்ப உட்டீங்கன்னா அப்புறம் தடம்னு ஆயிருங்க" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882-இன்படி, இருபது வருடம் தடையில்லாமல், உரிமையாக எண்ணி நடந்துவந்தால் அந்தப் பாதைக்கு உரிமை கோர முடியும். ஆனால் நாம் அனுமதித்து நடப்பது வேறு, உரிமையோடு நடப்பது வேறு. ஆத்தாவின் மகனிடம் பேசி, எங்கள் அனுமதியின் பேரில்தான் நடக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். வடக்கில் மூன்றடியில் ஒரு சின்ன கேட்; பூட்டு எங்களுடையது, ஒரு சாவி அவரிடம். "தாளெல்லாம் எதுக்கு கண்ணு" என்று ஆத்தா முகத்தைச் சுளித்தார், ஆனால் சாவியை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டார். ஆடுகளை இப்போது ஒவ்வொன்றாகத்தான் விடவேண்டியிருக்கிறது. அதனால் எங்கள் மல்லிகைச் செடியும் பிழைத்தது.

என்ன வேலி போடுவது என்பதில் எனக்குக் கட்சி உண்டு. நூறடிப் பக்கத்துக்கெல்லாம் செங்கல் காம்பவுண்ட் வேண்டியதில்லை. அஸ்திவாரம், பெல்ட், தூண், பூச்சு, பெயிண்ட் என்று போய்க்கொண்டே இருக்கும். கரிசல் மண்ணாக இருந்தால் மழையில் ஊதி, வெயிலில் சுருங்கி, இரண்டு மூன்று வருடத்தில் சுவரில் விரிசல் ஓடும். பல்லடம், உடுமலைப் பக்கம் போனால் எத்தனையோ பார்க்கலாம். பிரிகாஸ்ட் பலகைச் சுவர் சீக்கிரம் எழும்பிவிடும், மறைப்பும் கிடைக்கும். ஆனால் அஸ்திவாரம் இல்லாத அந்தத் தூண்கள் ஆழமாக நடப்படாவிட்டால் ஆடிக் காற்றில் வரிசையாகச் சாயும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று எங்கள் ஊரில் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. கம்பி வேலியில் காற்று நுழைந்து போய்விடும். நான்கு பக்கமும் கம்பி வேலி, உள்ளே கொஞ்சம் தள்ளி உயிர்வேலி. இதுதான் நாங்கள் செய்தது. பாம்பு வராதா என்று கேட்பவர்களுக்கு: வரும். மயிலும் வரும்.

இப்போது அந்த ரன்னிங் அடியைப் பிரிப்போம். சுற்றளவு 320 அடி. பத்தடிக்கு ஒரு கால் என்றால் 32 கால், எட்டடிக்கு ஒன்று என்றால் 40. கொட்டேஷனில் இது இல்லாவிட்டால் பன்னிரண்டு அடிக்கு ஒன்று நட்டுவிட்டுப் போவார்கள், கேட்கவும் முடியாது. 5 அடி வலைக்கு 7 அடிக் கால் வேண்டும், 2 அடி மண்ணுக்குள் போகவேண்டும். கல்லுக்கால் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல கல் கணீர் என்று பேசும். உள்ளே மயிர்க்கோடு ஓடியிருந்தால் சத்தம் சொத்தென்று அடங்கும். அதை ஓரமாக வையுங்கள். எங்கள் லோடில் அப்படிக் கொஞ்சம் ஒதுங்கியது. லாரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப ஏற்றிக்கொண்டார்.

வலை விஷயத்தில் கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 8 கேஜ் 4.06 மில்லிமீட்டர், 10 கேஜ் 3.25, 12 கேஜ் 2.64. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அதே கண், அதே உயரம் என்றால், 10 கேஜ் வலை மூன்று கிலோ இருக்கிற இடத்தில் 12 கேஜ் வலை இரண்டு கிலோதான் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு இரும்பு காணாமல் போய்விடுகிறது. இதைக் கண்டுபிடிக்கத் தராசு போதும். 50 அடி நீளம், 5 அடி உயரம், 3 அங்குலக் கண், 10 கேஜ் ரோல் என்றால் 40 கிலோவுக்கு மேல் நிற்கவேண்டும். 30 கிலோவில் நின்றால் அது 12 கேஜ், லேபிளில் என்ன ஒட்டியிருந்தாலும் சரி. பச்சை பிளாஸ்டிக் பூசிய கம்பியில் இன்னும் ஒரு சூட்சுமம், பூச்சோடு சேர்த்து அளந்து கேஜ் சொல்வார்கள். உள்ளே இருக்கும் கம்பியின் அளவைக் கேளுங்கள். துத்தநாகப் பூச்சுக்கு, வலையின் ஓரத்தில் கம்பியை முறுக்கி மடக்கியிருக்கும் இடத்தைப் பாருங்கள், அங்கே பொரிந்திருந்தால் துரு அங்கிருந்துதான் கிளம்பும். இந்தியத் தர நிர்ணயத்தில் இந்த வலைக்கு ஐ.எஸ். 2721 என்று தனியாக ஒரு தரமே இருக்கிறது. பில்லில் அதை எழுதித் தரச் சொன்னால் கடைக்காரரின் பேச்சு கொஞ்சம் மாறும்.

வலையைக் காலோடு கட்டும் கம்பியை யாரும் கவனிப்பதில்லை. கான்கிரீட் கம்பி கட்ட வைத்திருக்கும் அதே கறுப்புக் கட்டுக்கம்பியை எடுத்துச் சுற்றிவிடுவார்கள். ஒரு மழைக்காலம் போதும், அது துருப்பிடித்து இற்றுவிடும். நல்ல வலை நல்ல காலிலிருந்து கழன்று தொங்கும். ஜி.ஐ. கட்டுக்கம்பிதான் வேண்டும் என்று சொல்லுங்கள், செலவு வித்தியாசம் சொற்பம்.

வேலி நிற்பதா விழுவதா என்பது மூலையில்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் கால்கள் வலையைத் தாங்கி நிற்கின்றன, அவ்வளவுதான். மேலே, நடுவே, கீழே என மூன்று லைன் கம்பியை இழுத்துக் கட்டும்போது அந்த இழுவை முழுவதும் மூலைக்காலில் போய் விழுகிறது, அதுவும் இரண்டு பக்கத்திலிருந்து. கயிறு இழுக்கும் போட்டியில் கடைசி ஆள் காலை ஊன்றிச் சாய்ந்து நிற்கிற மாதிரி, மூலைக்காலுக்கும் ஊன்றுகோல் வேண்டும். ஒரு மூலைக்கு இரண்டு முட்டுக்கால். ஒவ்வொன்றும் வேலி ஓடும் திசையிலேயே, இழுவை வரும் பக்கத்தில் அடியூன்றி, மூலைக்காலில் சாய்ந்து நிற்கவேண்டும். முட்டுக்காலின் அடியில் கான்கிரீட் கட்டி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அது மண்ணைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும். நூறடிப் பக்கம் ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு கால், இரண்டு பக்கமும் முட்டோடு. பெரிய கேட்டின் இரண்டு பக்கத்து முடிவுக்கால்களுக்கும் ஒவ்வொன்று. எங்கள் மனைக்கு இப்படிக் கூட்டினால் பதினான்கு முட்டுக்கால் வந்தது. மலிவான கொட்டேஷன்காரரிடம் எத்தனை போடுவீர்கள் என்று கேட்டேன். "மூலைக்கு ஒண்ணு போட்றலாம்ங்க, அதே தாங்கும்." ஒன்றரை மடங்கு வித்தியாசத்தில் ஒரு பெரிய துண்டு அங்கே இருந்தது.

அதனால் கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் போன மாதம் போட்ட வேலியைப் பார்க்கப் போகாதீர்கள். புது வேலி எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று மழை கண்ட வேலியைக் காட்டச் சொல்லுங்கள். நேராக மூலைக்குப் போங்கள். கால் உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா, மேல்லைன் கம்பி தொய்ந்திருக்கிறதா, கேட் தரையில் அரைவட்டமாகக் கோடு போட்டிருக்கிறதா. அந்த வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். எங்களுக்கு வேலை செய்தவர், காட்டச் சொன்னதும், "அந்தத் தோட்டத்துல ஒரு மூலை மட்டும் சரியா நிக்கலீங்க, பாறை" என்று தானாகவே சொன்னார். அவரையே பிடித்துக்கொண்டோம்.

பாறை என்றதும் இன்னொன்று. எங்கள் பக்கம் ஒன்றரை அடிக்குக் கீழே சுக்கான் பாறை தட்டும். டிராக்டரில் மாட்டிய குழிபோடும் மெஷின் அங்கே நின்றுவிடும். சிலர் என்ன செய்வார்கள் என்றால், குழியை ஆழமாக்குவதற்குப் பதில் காலின் அடியை உடைத்துக் குட்டையாக்கி நட்டுவிடுவார்கள். மேலே உயரம் சரியாக இருக்கும், உள்ளே ஓரடிதான் இருக்கும். பாறை வந்தால் ஒரு குழிக்கு எவ்வளவு கூடுதல் என்று முன்னமே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அப்போது உடைக்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு வராது. குழியில் 1:2:4 கலவை போட்டு, நாலைந்து நாள் தண்ணீர் விட்டு, ஒரு வாரமாவது கழித்துத்தான் கம்பியை இழுக்கவேண்டும். காலையில் கால் நட்டு மாலையில் கம்பி இழுக்க ஆள் ரெடியாக நிற்பார்கள். அன்றைக்கு நீங்கள் மனையில் இருந்தே ஆகவேண்டும்.

கேட்டுக்குக் கல்லுக்கால் வேண்டாம், கம்பி கட்டிய கான்கிரீட் தூணே நல்லது. அகலம் பன்னிரண்டு அடி வைத்தோம். வீடு இன்னும் கட்டவில்லை என்றால் போர்வெல் வண்டி உள்ளே வரவேண்டும், ஜல்லி லாரி வரவேண்டும், திரும்பவேண்டும். இதை யோசிக்காமல் எட்டடிக் கேட் வைத்துவிட்டு, போர் போடும் நாளில் புது வேலியைப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும். கதவு உள்பக்கம்தான் திறக்கவேண்டும், பொதுத்தடத்தில் நீட்டக்கூடாது.

வேலியின் அடியில் இரண்டு வரிசை ஹாலோபிளாக் வைத்தோம், நாய் தோண்டாமல் இருக்க. மேற்கேயிருந்து மழைத்தண்ணீர் எங்கள் மனை வழியாகத்தான் இறங்குகிறது, அதனால் ஓட்டம் இருக்கும் இடத்தில் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுக் கட்டச் சொன்னேன். தண்ணீரை மறித்தால் முதலில் சண்டைக்கு வருவது பக்கத்து நிலத்துக்காரர், அதற்கு முன்னாலேயே வருவது தண்ணீர்.

உள்பக்கம் ஒன்றரை அடி தள்ளி முள்கிளுவைப் போத்து நட்டிருக்கிறோம். காங்கயம் மாடுகள் மேயும் கொறங்காடுகளுக்குத் தலைமுறை தலைமுறையாக இதுதான் வேலி. கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு உள்ளே நுழையாது, இரும்பு விலை ஏறினால் அதற்கென்ன. அடர்ந்து வரச் சில வருடம் ஆகும். எல்லையிலேயே நடாமல் தள்ளி நட்டதற்குக் காரணம், கிளை வெட்டுவதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை. நர்சரியில் போகன்வில்லா வைக்கச் சொன்னார்கள். படத்துக்கு நன்றாக இருக்கும்.

பணம் கொடுப்பதை நான்காகப் பிரித்தோம். கல் இறங்கியதும் ஒரு பங்கு, கால் நட்டு முடித்ததும் ஒன்று, வலை கட்டியதும் ஒன்று. கடைசிப் பங்கை ஒரு நல்ல மழைக்குப் பிறகு தருகிறேன் என்றேன். ஈரத்தில்தான் கால் ஆட்டம் காணும், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்றும் அப்போதுதான் தெரியும். கான்ட்ராக்டர் தாடையைச் சொறிந்துகொண்டு வானத்தைப் பார்த்தார்.

"ஏனுங், காங்கயத்துல மழையை நம்பி நானு காசு வாங்கறதுங்களா?"

நியாயமான கேள்வி. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஐப்பசி கடைசிக்குள் கொடுத்துவிடுவதாகத் தாளில் ஒரு வரி சேர்த்தோம். கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த மனைக்காரரும் வேலி போடப் போகிறாராமே, அவர் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்.